மருத்துவ அவசரமும் விமான டிக்கெட்டும்: எந்த இழப்பைச் சரிசெய்ய முடியாது?

குடும்பத்தில் ஒருவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், ஏற்கெனவே பதிவு செய்த விமான டிக்கெட்டை என்ன செய்வது என்ற கேள்வி மூன்று வடிவங்களில் வருகிறது. வெளியூருக்குப் புறப்பட இருந்தவர், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டதால் போவதா நிற்பதா என்று தயங்குகிறார். வெளிநாட்டில் இருப்பவர், அடுத்த மாதத்துக்கு எடுத்த டிக்கெட்டை இந்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டு ஊருக்கு வருவதா என்று யோசிக்கிறார். மூன்றாவது நிலையில் பயணம் போக வேண்டியவரே நோயாளியாகிவிடுகிறார்; மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்ப இருந்த தாய்க்குப் புறப்படும் வாரத்தில் மாரடைப்பு வருகிறது. மூன்றிலும் வீட்டில் முதலில் எழும் பேச்சு பணத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. கேன்சல் செய்தால் எவ்வளவு போகும், தேதியை மாற்றினால் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதன் பிறகே மற்றவற்றைப் பேசுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த முடிவு தவறிப்போனால் பிறகு சரிசெய்துகொள்ளலாம், எது தவறிப்போனால் சரிசெய்யவே முடியாது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் அதற்கு அடுத்தபடியாகத்தான் வர வேண்டும். மனம் இளகிச் சொல்லும் ஆறுதல் வார்த்தை அல்ல இது. விமானக் கட்டண விதிகள், மருத்துவர்களின் கணிப்புத் திறன், போன பணத்தை மனித மனம் எண்ணும் விதம் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

பணத்தை இரண்டாம் இடத்தில் வைக்கலாம் என்பதற்கு முதல் காரணம், அந்த இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். இந்தியாவில் விமான டிக்கெட்டின் விலை அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம், வரிகள், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணங்கள் எனப் பல பகுதிகளால் ஆனது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வகுத்த விதிப்படி, ரத்துக் கட்டணம் எந்நிலையிலும் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. ரீஃபண்ட் இல்லாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணி வராமலே போயிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலைக்கென்று தனிக் கட்டணம் பிடிக்கவும் அனுமதி இல்லை. ஆகவே ‘ரீஃபண்ட் இல்லாத டிக்கெட், ஒரு பைசா வராது’ என்று ஏஜென்ட் சொல்லும்போது அது பெரும்பாலும் முழு உண்மையல்ல. எந்தப் பகுதி திரும்பும், எது திரும்பாது என்று பிரித்துக் கேட்டு ஒரு தாளில் எழுதிவிட்டால், அதுவரை அச்சமாக இருந்தது ஒரு தெளிவான தொகையாகிவிடும். தொகை தெரிந்த இழப்பை எதிர்கொள்வது அத்தனை கடினமல்ல.

இரண்டாவது காரணம் மனித மனத்தின் ஒரு பிழை. கொடுத்துவிட்ட பணம் திரும்பி வராது என்று தெரிந்த பிறகும், அந்தப் பணம் நம் அடுத்த முடிவை ஆட்டுவிக்கிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகிய உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பனிச்சறுக்குப் பயணங்கள் இரண்டுக்குப் பணம் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளும்படி பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். ஒன்றின் விலை 100 டாலர், மற்றொன்றின் விலை 50 டாலர். மலிவான பயணமே அதிக மகிழ்ச்சி தரும் என்றும், இரண்டும் ஒரே வார இறுதியில் வருவதால் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றும், இரண்டுக்குமே பணம் திரும்பக் கிடைக்காது என்றும் கூறினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் விலை கூடுதலான பயணத்தையே தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவ அவசரத்தில் இந்தப் பிழை இரு திசையிலும் வேலை செய்கிறது. தந்தை தீவிர சிகிச்சையில் இருக்கும்போது ‘இவ்வளவு கட்டியாகிவிட்டதே’ என்று சுற்றுலா புறப்படுபவர் அதன் பிடியில் இருக்கிறார். அடுத்த மாதத்து டிக்கெட் கையில் இருக்கிறது என்பதாலேயே இன்றைக்குப் புதிய டிக்கெட் எடுக்கத் தயங்குபவரும் அதே பிடியில்தான் இருக்கிறார். பழைய டிக்கெட்டுக்குக் கொடுத்தது இரண்டு முடிவுகளிலும் ஒரே அளவில் போய்விட்டது. இனிமேல் கையை விட்டுப் போகப் போவது எவ்வளவு, இனிமேல் கிடைக்கக்கூடியது எது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

பணத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால் விதிகளை அசட்டை செய்யலாம் என்று பொருளல்ல. கெடு எப்போது முடிகிறது என்பதை அறிந்தவருக்குத்தான் நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும். டிக்கெட்டை ரத்து செய்யாமலும் மாற்றாமலும் விமானத்தைத் தவறவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. அது ‘நோ ஷோ’ என்று பதிவாகும். பெரும்பாலான நிறுவனங்களில் முதல் பகுதியைத் தவறவிட்டால் அதே டிக்கெட்டில் உள்ள இணைப்பு விமானமும் திரும்பி வரும் பயணமும் சேர்ந்தே ரத்தாகிவிடும். மருத்துவமனை வராந்தாவில் ஓடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அடிக்கடி விழும் பள்ளம் இதுதான். அடுத்ததாக, புறப்பாடு நெருங்க நெருங்க மாற்றுக் கட்டணம் படிப்படியாக ஏறும் டிக்கெட்டுகள் உண்டு. அவற்றில் அந்தப் படி மாறும் நாளுக்கு முன்பே முடிவெடுப்பது நல்லது. மாறாக, இன்று ரத்து செய்தாலும் புறப்படும் நாளன்று ரத்து செய்தாலும் வரி மட்டுமே திரும்பும் என்றால் அவசரப்பட்டு ரத்து செய்வதில் லாபமில்லை. நோயாளியின் நிலை அதற்குள் தெளிவாகலாம். விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும் வாய்ப்பும் இருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் ஒரே பதிவு எண்ணில் (பிஎன்ஆர்) பதிவு செய்திருந்தால், போகப்போகிறவர்களையும் நிற்கப்போகிறவர்களையும் முதலில் தனித்தனிப் பதிவாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். ஏஜென்ட் வழியாக வாங்கிய டிக்கெட்டை விமான நிறுவனம் பல நேரங்களில் நேரடியாகத் தொடாது என்பதால், ஏஜென்ட்டின் அலுவலகம் மூடும் நேரத்தையும் கெடுக்கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். தொலைவில் இருப்பவர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, ‘டாக்டர் என்ன சொல்கிறார்?’ என்பதுதான். அந்தப் பதிலின் மேல்தான் டிக்கெட் முடிவு நிற்கிறது. ஆனால் அந்தப் பதில் எவ்வளவு உறுதியானது? நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், எலிசபெத் லாமண்ட் ஆகியோர் சிகாகோவின் ஆதரவுச் சிகிச்சை மையங்களில் சேர்ந்த 468 நோயாளிகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஒவ்வொரு நோயாளியும் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்று மருத்துவர்கள் சொன்ன கணிப்பில் துல்லியமாக அமைந்தது 20 விழுக்காடு மட்டுமே. 63 விழுக்காடு கணிப்புகள் உண்மையை விட நம்பிக்கை மிகுந்தவை. மொத்தத்தில் மருத்துவர்கள் நோயாளியின் மிச்ச ஆயுளை ஐந்து மடங்குக்கும் மேலாகக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நோயாளியை நெடுநாள் அறிந்த மருத்துவர்களிடம் தவறு இன்னும் கூடுதலாக இருந்தது. இது முற்றிய நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. கால் முறிவுக்கும் குடல்வால் அறுவைக்கும் இதைப் பொருத்தக் கூடாது. ஆனால் உயிருக்கு ஆபத்தான நோயில் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதை இது காட்டுகிறது. நம் வீடுகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் பதறிவிடக் கூடாது என்று அண்ணனும் அம்மாவும் நிலைமையைக் குறைத்தே சொல்கிறார்கள். நம்பிக்கை கூட்டிய கணிப்பு, அன்பினால் மேலும் மென்மையாக்கப்பட்டு வந்து சேர்கிறது. எனவே பிழைப்பாரா மாட்டாரா என்று கேட்பதை விட, ‘உங்கள் தந்தையாக இருந்தால் இன்று புறப்படுவீர்களா?’ என்று சிகிச்சை தரும் மருத்துவரிடமே நேரில் பேசிக் கேட்பது அதிகம் பயன் தரும்.

இந்த இடத்தில்தான் இரண்டு தவறுகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு வந்துவிட்டோம், அப்பா நலமாகிவிட்டார் என்றால் இழந்தது ஒரு டிக்கெட்டின் விலையும் சில நாள் விடுப்பும். வராமல் இருந்துவிட்டோம், அப்பா போய்விட்டார் என்றால் அதை எந்த நாளும் எந்தத் தொகையும் திருப்பித் தராது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சென்னைக்கு இணைப்பு விமானத்தில் வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடுகிறது. செய்தி கேட்ட பிறகு கிளம்பினால் கடைசி மூச்சுக்கு வந்து சேர முடியாது. குளிர்பதனப் பெட்டி இறுதிச் சடங்கை ஓரிரு நாள் தள்ளிவைக்க உதவலாம். உயிரோடு இருப்பவரின் கையைப் பிடிக்க அது உதவாது. இரு தவறுகளும் ஒரே அளவுக்கு நிகழக்கூடியவை என்றாலும் அவற்றின் கனம் ஒன்றல்ல. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடைக்கல் இல்லை என்று தெரிந்த பிறகு, வாய்ப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது சரியான கணக்கு ஆகாது.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான் பார்க்க விடுகிறார்கள். ஓடிவந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் உடனே வா, வராதே என்ற இரண்டில் ஒன்று என்பதை விட, எந்த நாட்களில் ஒருவர் உடனிருப்பது வேறு எவராலும் ஈடுசெய்ய முடியாதது என்ற கேள்வியைத்தான் அது எழுப்புகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் விடை ஒன்றுதான். ஆபத்து கடந்துவிட்டது, ஆனால் தேற நாளாகும் என்றால் விடை மாறலாம். பக்கவாதத்துக்குப் பிறகோ இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகோ வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில்தான் தூக்கி உட்கார வைக்கவும், மருந்து நேரத்தைக் கவனிக்கவும், இரவில் விழித்திருக்கவும் ஆள் தேவைப்படுகிறது. மருத்துவமனை நாட்களில் செவிலியர்கள் இருக்கிறார்கள்; டிஸ்சார்ஜ் ஆன பிறகு எழுபது வயது அம்மா மட்டும்தான் இருக்கிறார். இரண்டு வார விடுப்புதான் கிடைக்கும் என்றால் அதை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்வது அன்பில் குறைவு ஆகாது. அறுவைக்குச் சம்மதம் சொல்வது, வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது போன்ற நேரங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். உள்ளூரில் அந்தப் பொறுப்பை ஏற்க வேறு ஆள் இல்லையென்றால் தொலைவில் இருப்பவர் வந்துதான் ஆக வேண்டும்.

பயணியே நோயாளியாகும்போது குடும்பத்தின் விருப்பத்துக்கு இடம் குறைவு. உடலே முடிவு செய்கிறது. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருப்பதில்லை. அது 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. நலமாக இருப்பவருக்கும் அங்கே இரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். இதயமோ நுரையீரலோ அடிபட்டவருக்கு அந்தக் குறைவே ஆபத்தாகலாம். உடலுக்குள் சிக்கிய வாயு உயரத்தில் விரிவடையும் என்பதால் நுரையீரல் சுருங்கியவரும் வயிற்றறுவை முடிந்தவரும் காத்திருக்க வேண்டும். சிக்கல் இல்லாத மாரடைப்புக்குப் பின் 7 முதல் 10 நாள், பெரிய வயிற்றறுவைக்குப் பின் ஏறக்குறைய 10 நாள் என்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் பொதுவான வழிகாட்டுதல் தருகிறது. அண்மையில் நோயுற்றவரை ஏற்றிச் செல்லும் முன் விமான நிறுவனம் ‘மெடிஃப்’ என்ற மருத்துவப் படிவத்தைக் கேட்கலாம். இங்கே ரத்து செய்வதற்கும் தேதி மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. எந்தத் தேதியில் உடல் தேறும் என்று மருத்துவரால் சொல்ல முடிகிற நோயில் தேதி மாற்றுவது பொருத்தம். அப்படிச் சொல்ல முடியாத நோயில் குத்துமதிப்பாக ஒரு தேதிக்கு மாற்றினால், மறுபடியும் மாற்றும்போது மறுபடியும் பணம் கட்ட நேரும். அதை விட டிக்கெட்டின் மதிப்பைக் கணக்கில் வைத்திருக்கும் கிரெடிட் ஷெல்லாக மாற்றுவதோ ரத்து செய்வதோ மேல்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பது அடுத்த பதில். அது உதவும், ஆனால் பலரும் நினைக்கும் அளவுக்கு அகலமானது அல்ல. நம் நாட்டில் விற்கும் பயணப் பாலிசிகளின் மையம், வெளிநாட்டில் பயணிக்கு நேரும் மருத்துவச் செலவு. பயண ரத்து என்பது அதில் தனி வரம்புடைய ஒரு பிரிவு. ஊரில் இருக்கும் பெற்றோரின் நோய்க்காகப் பயணத்தை ரத்து செய்தால் பணம் கிடைக்குமா என்பது, ‘நெருங்கிய குடும்பத்தினர்’ பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், ஏற்கெனவே இருந்த நோய் விலக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டு வரிகளில் அடங்கியிருக்கிறது. மாமனார் மாமியார் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒரு பெரியவருக்கு வந்த மாரடைப்பு, பழைய நோயின் தொடர்ச்சி என்று தள்ளப்படலாம். நோய் வந்த பிறகு வாங்கிய பாலிசி அந்த நோய்க்குப் பயன்படாது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்று அமெரிக்காவில் கூடுதல் விலைக்கு விற்கும் பாலிசிகூட வழக்கமாகச் செலவில் 50 முதல் 75 விழுக்காடு வரைதான் தருகிறது. எனவே இன்சூரன்ஸ் இழப்பைக் குறைக்கும் ஒரு வழி. போவதா நிற்பதா என்ற முடிவை அதன் கையில் கொடுக்க முடியாது. முடிவு எதுவானாலும் மருத்துவமனைச் சேர்க்கைச் சான்று, மருத்துவரின் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்வது எல்லா வழியிலும் பயன்படும்.

சில வெளிநாட்டு நிறுவனங்கள் நெருங்கிய உறவினரின் மரணத்துக்குச் சலுகைக் கட்டணம் தருகின்றன. அதிலும் கேட்கும் நேரம்தான் எல்லாம். பாட்டியின் மரணத்துக்காகப் பறந்த கனடாப் பயணி ஒருவரிடம், பயணம் முடித்த பிறகும் 90 நாளுக்குள் சலுகை கேட்கலாம் என்று ஏர் கனடாவின் இணையதள உரையாடல் இயந்திரம் சொன்னது. நிறுவனத்தின் உண்மையான விதியோ பயணத்துக்குப் பின் சலுகை இல்லை என்றது. இயந்திரத்தின் சொல்லுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியதை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை. வட்டியும் செலவும் சேர்த்து 812 கனடா டாலர் கொடுக்க உத்தரவிட்டது. துக்கத்தில் இருப்பவர் விதிகளைத் தேடிப் படிக்க முடியாத நிலையில் இருக்கிறார், சொல்லப்பட்டதை அப்படியே நம்புகிறார் என்பதை இவ்வழக்கு நினைவூட்டுகிறது. வாயால் சொன்ன வாக்குறுதியை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு வாங்குவது இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம்.

மிக வலுவான மறுப்பு ஏழ்மையிலிருந்து வருகிறது. மாதச் சம்பளமே ஒரு டிக்கெட் விலையளவு இருக்கும் வளைகுடாத் தொழிலாளியிடம், பணத்தை இரண்டாவதாக வை என்று சொல்வது வசதி படைத்தவரின் வாதம் அல்லவா? அவருக்குப் பணம் மட்டுமல்ல, அனுமதியும் தடையாக இருக்கிறது. முதலாளியின் அனுமதி இல்லாமலே வெளியேறித் திரும்பும் விசா பெறலாம் என்று சவுதி அரேபியா 2021 மார்ச்சில் கொண்டுவந்த சீர்திருத்தத்தில்கூட வீட்டு வேலை செய்பவர்கள் சேர்க்கப்படவில்லை. இந்த மறுப்பை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அது வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு, எந்த முறை என்பதுதான் மிகப் பெரிய கேள்வி. இப்போது வந்துவிட்டு மறுபடி வர முடியாமல் போவதா, காத்திருந்து இழப்பதா என்ற அவரது தயக்கம், திருத்த முடியாதது எது என்று எடை போடும் அதே கணக்குதான். கடன் வாங்கி வருவது குழந்தைகளின் படிப்பை நிறுத்திவிடும் என்றால் அதுவும் சரிசெய்ய முடியாத இழப்பே. அவர் வராமல் இருக்க முடிவு செய்தால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குறை சொல்லப்பட வேண்டியது, இத்தகைய தெரிவை அவர்மேல் சுமத்தும் விதிகளைத்தான்.

அந்த விதிகளைப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யலாம் என்ற உரிமை அமெரிக்காவில் உண்டு; 2025இல் இந்தியாவிலும் அது இருந்தது. ஆனால் இரண்டு நாடுகளிலும் புறப்பாட்டுக்கு ஏழு நாளாவது இருந்தால்தான் அது செல்லும் என்று வைத்தார்கள். இன்று செய்தி கேட்டு நாளைக்கு டிக்கெட் எடுப்பவருக்கு, அதாவது இந்த உரிமை அதிகம் தேவைப்படுபவருக்கு, அது கிடைப்பதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 ஏப்ரலில் அறிவித்த விதி, கடும் தொற்றுநோயால் பயணம் செய்யக் கூடாது என்று மருத்துவர் சொன்னவருக்கு ஐந்தாண்டு செல்லுபடியாகும் பயண மதிப்பைத் தரச் சொன்னது. தாய் தந்தையின் மாரடைப்பு அதற்குள் வராது. டிஜிசிஏ 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவில், 24 மணி நேரத்தை 48 ஆக்குவதும், ஏஜென்ட் வழி வாங்கினாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்பதும், மருத்துவ அவசரத்தால் ரத்து செய்தால் நிறுவனம் பணமோ கிரெடிட் ஷெல்லோ தரலாம் என்பதும் இடம்பெற்றன. முதல் இரண்டும் நல்ல அடிகள். மூன்றாவது நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் பயணியின் உரிமையாக அது நிற்கவில்லை.

மருத்துவ அவசரத்தில் பணம் திருப்புவதைக் கட்டாயமாக்கினால் பொய்ச் சான்றிதழ்கள் பெருகும், எல்லாருக்கும் கட்டணம் ஏறும் என்று நிறுவனங்கள் சொல்லலாம். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்த பதிவை மட்டும் சான்றாக ஏற்பதும், பணத்துக்குப் பதிலாகப் பயண மதிப்பைத் தருவதும், பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று வட்டத்தை வரையறுப்பதும் பொய்க்கு இடம் குறைக்கும். கட்டணம் ஏறும் என்ற அச்சத்துக்கு அனுபவமே பதில் சொல்கிறது. 200 டாலர் வரை மாற்றுக் கட்டணம் வசூலித்துவந்த அமெரிக்கப் பெருநிறுவனங்கள், 2020 ஆகஸ்ட் இறுதியில் யுனைடெட் தொடங்கிவைக்க, மிக மலிவான வகை நீங்கலாகப் பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டுகளில் அதைக் கைவிட்டன. அதனால் அவை மூழ்கிவிடவில்லை. தண்டனை இல்லாமல் இருக்கையை விட்டுக்கொடுக்க முடிந்தால் குடும்பங்கள் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும். அந்த இருக்கை மறுபடி விற்கும். எதுவும் திரும்பாது என்று தெரிந்தவர் ரத்து செய்யவும் மெனக்கெடமாட்டார். விமானம் காலி இருக்கையோடு பறக்கும்.

ஆகவே குடும்பத்துக்கு உள்ள வழி இதுதான்: யார் எந்த நாளில் உடனிருப்பது பதிலீடு இல்லாதது என்று முதலில் முடிவு செய்வது, டிக்கெட்டின் கெடுக்களை அடுத்ததாகக் குறித்துக்கொள்வது, மிஞ்சும் பண இழப்பைக் கடைசியாகக் குறைக்கப் பார்ப்பது. அரசுக்கு உள்ள கடமையும் தெளிவானது. உள்நோயாளிச் சான்றுடன் வரும் நெருங்கிய உறவினரின் அவசரத்தில், ஓராண்டாவது செல்லுபடியாகும் பயண மதிப்பைப் பயணியின் உரிமையாக்க வேண்டும். அவசர டிக்கெட்டுக்கு ஏழு நாள் நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். எல்லையுள்ள பண இழப்பைத் தாங்கிப் பகிர்ந்துகொள்ளும் வலிமை ஒரு பெரிய நிறுவனத்துக்கு உண்டு. எல்லையில்லாத இழப்பை ஒரு குடும்பத்தால் யாரோடும் பகிர்ந்துகொள்ள முடியாது. விதி எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து எழுதினால், தாயின் படுக்கையருகே நிற்பவர் கட்டணப் பட்டியலைப் படிக்க வேண்டிய நிலை வராது.